டிரைவர் கிடைக்கவில்லை

கெமியார்வி, ஜனவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
பதினோரு மணிநேரம் பேருந்து ஓட்டிவிட்டு வந்து
கையுறைகூடக் கழற்றாமல் கணினியைத் தட்டினேன்.
'டிரைவர் கிடைக்கவில்லை' என்றது திரை.
அப்போ எதிரில் உட்கார்ந்திருக்கிறவள் யாராம்?

தாவெட்டியிடம் நாற்பது யூரோவுக்கு வாங்கிய
பழைய கிராபிக்ஸ் கார்டு.
ஒவ்வோர் எழுத்தும் உருளைக்கிழங்கு அளவு.

தேடினேன். பச்சைப் பொத்தான்கள் சந்தை இரைச்சலாய்:
இங்கே அழுத்து, இலவசம், வேகம் இருமடங்கு!
ஒன்றை அழுத்தியும் விட்டேன்.
வானிலை சொல்லும் கிளியொன்று வந்து
திரை மூலையில் குந்திக்கொண்டது.
விரட்ட அரைமணி.

தாவெட்டிக்கு ஃபோன். தூக்கக் குரல்:
'கார்டு செய்தவன் வீட்டுக்கே போ ஐலா,
நடுவில் தரகன் எதற்கு? மாடல் எண் என்ன?'

எண்ணா?
பெட்டியைத் திறந்து, டார்ச்சைப் பல்லில் கடித்து,
தூசியை ஊதி, தும்மி,
விசிறிக்குப் பின்னால் பாதி கிழிந்த ஒட்டுத்தாள்.
கடைசி எண் மூன்றா, எட்டா?
மூன்று போட்டேன். அப்படியொரு கார்டே இல்லையாம்.
எட்டு.

நிறுவனத்தின் தளத்தில், பழைய மாடல்களின் அடித்தட்டில்
சாம்பல் எழுத்தில் கிடந்தது,
ஒரு கூச்சலும் இல்லாமல்.
அறுநூறு மெகாபைட். இரண்டு கோப்பை காபி.
நடுவில் திரை ஒருமுறை இருண்டது,
எனக்கு வயிறு கலங்கியது.
திரும்பி வந்தபோது எழுத்தெல்லாம் எறும்பு.

மணி ஒன்றரை. ஐந்துக்கு டிப்போவில் இருக்க வேண்டும்.
விளையாட்டைத் திறந்தேன்:
சிசிலியில் ஒரு பேருந்து, பனியில்லாத சாலை,
எலுமிச்சை மரங்கள் இலை இலையாய்.
நிறுத்தத்தில் பெட்டியோடு ஒருவர் கை காட்டினார்.

நிறுத்தவில்லை.