சாய்கோணம்

குளிர்காலத்தில் உலான்பாத்தரில்
கட்டடங்கள் வளர்வதில்லை. சிமெண்டு உறைந்துவிடும்.
என் கிரேன் ஆற்றோரம் கழுத்தை நீட்டியபடி
சும்மா நிற்கிறது.
வசந்தம் வரை எனக்கு இந்த ஒரு சுமைதான்:
ஐந்து கிலோ இருநூறு கிராம்.
பெயர் மரால்.

சொலோங்கோ ரொட்டிக்கூடத்துக்கு
இரவு வேலைக்குப் போய்விட்டாள்.
கதவில் கை வைத்தபடி சொன்னது ஒன்றுதான்:
"கரண்டியை வழித்து மட்டம் பண்ணு. குவிக்காதே."
மாவின் அளவில் அவளோடு வாதிட முடியாது.

சறுக்குவண்டியில் இழுத்து வந்த தண்ணீர்.
கொதிக்க வைத்து, கொஞ்சம் ஆறவிட்டு,
சூடு அடங்குமுன்பே பால்மாவைப் போட்டேன்.
மாவுக்குள்ளும் கிருமி தூங்கும் என்றிருந்தாள் தாதி.
பிறகு ஒரு கிண்ணம் பனி அள்ளிவந்து
புட்டியை அதில் நிறுத்தி உருட்டினேன்.
வெளியே பனிக்கா பஞ்சம்?

உள்ளங்கை இரும்பு பிடித்து மரத்துப்போனது.
மணிக்கட்டின் உட்புறம் மட்டும்
இன்னும் காய்க்கவில்லை.
அங்கே ஒரு சொட்டு.
எதுவும் விழாதது போல இருந்தது.
அப்படித்தான் இருக்க வேண்டுமாம்.

முதல் நாள் நான் செய்ததை
அவளிடம் இதுவரை சொல்லவில்லை.
குழந்தையை மல்லாத்திக் கிடத்தி
கான்கிரீட் கொட்டுவது போலப் புட்டியைக் கவிழ்த்தேன்.
பால் மூக்கில் வந்தது.
அந்தக் கண்கள் என்னைப் பார்த்த பார்வை
முப்பதாம் மாடியில் கூட எனக்குத் தலை சுற்றியதில்லை.

இப்போது தலை உயர,
என் முழங்கை வளைவில் சாய்ந்து உட்கார்கிறாள்.
புட்டி கிரேனின் கையைப் போலக் கிடையாக நீள்கிறது,
காம்பு நிறையும் அளவுக்கு மட்டும் சாய்வு.
கீழே நின்று கைகாட்டும் ஆளில்லாமல்
நான் எதையும் அசைத்தவனில்லை.
இங்கே கைகாட்டுவது இவளே.
விரல்கள் மடங்கியிருந்தால், இறக்கு.
விரிந்தால், நிறுத்து.
புருவம் சுளித்தால்
காம்பைத் தாழ்த்தி மூச்சு வாங்கவிடு.

பாதிப் புட்டியில் அடுப்பு இருமியது.
நிலக்கரி மூட்டை கதவுக்கு வெளியே.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
மடித்த போர்வை ஒன்று பக்கத்தில் கிடந்தது,
புட்டியை முட்டுக்கொடுத்து நிறுத்த
அளவெடுத்துச் செய்தது போல.
ஒரு நிமிடம்தானே.
பால் தானாக இறங்கும்.
தானாக இறங்கும் என்பதுதான்.

தொங்கும் சுமையை விட்டு
எவனாவது கேபினிலிருந்து இறங்குவானா?

தேல் அங்கியின் மார்பை அவிழ்த்தேன்,
அவளை உள்ளே வைத்து இடுப்புக் கச்சையை இறுக்கினேன்.
முகமும் புட்டியும் மட்டும் வெளியே.
அடுப்பு மெல்ல மெல்லக் கறுத்தது.
என் மூச்சும் அவள் மூச்சும்
தனித்தனிப் புகையாக எழுந்தன.

இருபது மில்லி மீதமிருக்கையில்
விரல்கள் விரிந்தன.
ஒரு டப்பாவின் விலை என் இரண்டு நாள் கூலி,
கூலி இருந்த காலத்தில்.
இன்னொரு முறை உதட்டில் வைத்துப் பார்த்தேன்,
பொய் சொல்லமாட்டேன்.
முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
சரி, முதலாளி.

தோளில் போட்டு முதுகைத் தடவினேன்.
காற்றுத் தடையை விடுவித்தது போல ஓர் ஏப்பம்.

மிச்சத்தை எடுத்துவைக்கக் கூடாது.
காலையில் சொலோங்கோ
முதல் தேநீரின் பாலை வானத்துக்குத் தெளிப்பாள்.
வானத்துக்கு எச்சில் ஆகுமா? தெரியவில்லை.
வேலியோரம் அர்ஸ்லானுக்கு ஊற்றினேன்.
தட்டின் விளிம்பு உறைவதற்குள்
நக்கி முடித்துவிட்டு
இன்னும் இருக்கிறதா என்று பார்த்தது.

விடியலில் இமைகளில் உறைபனியோடு வந்தாள்.
"எவ்வளவு குடித்தாள்?"
"நூறு."
"மீதி?"
"நாய்."
அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள்.
பிறகு என் அங்கிக்குள் எட்டிப் பார்த்தாள்.
கையுறையைக் கழற்றாமலே
கரி எடுக்கப் போனாள்.