உன் பேர் என்ன

சுயாக்கில் வெள்ளிக்கிழமை, கடைசிப் பாடவேளை.
இந்திப் பிள்ளைகள் ஓர் அறைக்கும்
உருதுப் பிள்ளைகள் இன்னோர் அறைக்கும் போய்விட
எனக்கு மிச்சம் பதினோரு பேர்,
நூலக அலமாரிக்குப் பின்னால்
ஒரு கால் ஆடும் கரும்பலகை.

சனிக்கிழமைப் பயிற்சியில் சொல்லித் தந்தார்கள்:
பரிசு தந்தால் பழக்கம் வரும்.
மணியடித்ததும் நாய்க்கு எச்சில் ஊறிய கதையைப்
படம் போட்டுக் காட்டினார்கள்.
நானும் மஹேபூர் சந்தையில்
தங்க நட்சத்திரம் வாங்கினேன்,
ஒட்டுகிற மாதிரி, தாளுக்கு நாற்பது.

மூன்று வாரம் நன்றாகவே ஓடியது,
பொய் சொல்லக் கூடாது.
தூக்காத கைகள் தூக்கின.
"மிஸ், என் ஸெத்வால்!"
ஒரு நட்சத்திரம் என்று அர்த்தம், கிரியோலில்.
என் காதில் மட்டும் ஒவ்வொரு தடவையும்
என் நட்சத்திரம், என் நட்சத்திரம் என்றே விழும்.
அந்த 'என்'னில் நான் கொஞ்சம் மயங்கிப்போனேன்.

நான்காம் வாரம் தவிசேன்
ககர வரிசையைக் கௌ வரை எழுதிவிட்டுப்
பென்சிலைக் கீழே வைத்துக் கேட்டான்:
"சகர வரிசைக்கு எத்தனை?"
நான் எண்ணத் தொடங்கினேன்,
எழுத்தை அல்ல,
தாளை.

இன்று தாள் தீர்ந்துவிட்டது.
வெறுங்கையோடு பலகையில் எழுதினேன்:
உன் பேர் என்ன?

கடைசி பெஞ்சு உமேசன்,
சேர்ந்த நாளிலிருந்து வாய் திறவாதவன்,
எழுத்தெழுத்தாய்ப் பிடித்து வாசித்தான்.
பே... ர்.
பிறகு சிரித்துவிட்டான்.
"பேரா? மிஸ், உங்களுக்குப் பயமா?"

கிரியோலில் பேர் என்றால் பயம்.
எனக்குத் தெரியாததா?
நாற்பது வருஷமாய் இரண்டும் என் வாயில்தான் இருக்கின்றன,
ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே இல்லை.

திருத்தியிருக்கலாம். சிவப்புப் பேனா கையில்தான் இருந்தது.
"சரி," என்றேன், "உன் பேர் என்ன?"

"என் பேர்... லிஸியென். தமிழில் என்ன மிஸ்?"
நாய்.
"என் பேர் நாய்!"
பூவாணிக்குக் கடல்.
இந்த ஊரில் அலையைத் தடுக்கப் பவளப்பாறை இல்லை,
அவள் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.
கிருஷ்ணிக்கு இருட்டு. அதற்குச் சொல் வேண்டும்.
இரட்டையர்க்குப் பல் டாக்டர். அதற்கும் வேண்டும்.
கேட்கக் கேட்க எழுதினேன்,
சாக்குத் துண்டு நகத்தளவாய்த் தேய்ந்தது.
"மிஸ், உங்க பேர் என்ன?"
யோசிக்காமல் எழுதினேன்: இன்ஸ்பெக்டர்.
பக்கத்து அறை உருது மிஸ்
என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தார்.

பேரைக் கண்டு இருந்த பயம்
பயத்துக்கு ஒரு பேர் வந்ததும் போயிற்று
என்று பாடக்குறிப்பில் எழுத ஆசை.
அவ்வளவு அழகாய் ஒன்றும் நடக்கவில்லை.
தவிசேன் வாயே திறக்கவில்லை.
நோட்டைப் பின்னாலிருந்து புரட்டி
நட்சத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தான்.
முப்பத்தேழு.
ஒட்டிய விரல் என்னுடையது.

இந்தத் தீவில் புயலுக்கும் வகுப்பு உண்டு.
இரண்டாம் வகுப்பு என்று ரேடியோ சொன்னால்
எல்லா வகுப்பும் வீட்டுக்கு.
மணி முடியும் முன்பே சொல்லிவிட்டது.
பைகள், செருப்புகள், பஸ்ஸின் ஹார்ன்.

பலகையை அழிக்கத் துணியை எடுத்தேன்.
வாசலில் தவிசேன், முதுகில் பை,
தலைமுடியைக் காற்று பிய்த்துக்கொண்டிருந்தது.
"மிஸ், பேரே இல்லாதவன் என்ன எழுதணும்?"

எத்தனை என்று கேட்கவில்லை.
மறந்தானா, பஸ் கிளம்புகிற அவசரமா,
எனக்குத் தெரியாது.
புயல் போனதும் சொல்கிறேன் என்றேன்.

படிவத்தில் 'ஊக்கமூட்டிய முறை' என்றொரு கட்டம்.
அதை நிரப்பவில்லை.
பலகையையும் அழிக்கவில்லை.
ஜன்னல் கொக்கியை மட்டும்
இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன்.