புட்டியில் பதினொன்று

போகும்போது மூட்டையில் மஞ்சள் பொட்டு,
வரும்போது அதே பொட்டு சிவப்பு.
வேறொன்றும் மாறவில்லை.
வெள்ளகோவில் கிடங்கில் இறங்கிய வெள்ளைச்சோளம்
சுடவில்லை, மணக்கவில்லை,
தராசில் ஏற்றினால் போன எடையே.

அர்த்தநாரி குத்தூசியைச் செருகி
உள்ளங்கையில் சரித்தார்.
சோளத்துக்கு நடுவே ஒரு வண்டு
மூக்கை நீட்டிக்கொண்டு
ஆயுள் ரேகையைக் கடந்து மணிக்கட்டுக்கு நடந்தது.

"ஏனம்மிணி, லாரி வாடகையும் குடுத்து
கதிர்க்கூலியும் குடுத்தாச்சு.
இது கோயிலுக்குப் போறாப்பல போகுது?"

"நடக்குமுங்க. முட்டை பொரியாதுங்க."
காகிதத்தில் போட்டிருந்ததைத்தான் சொன்னேன்.
எனக்கும் நம்பிக்கை பாதிதான்.

போன வருஷம் தார்ப்பாய்க்கடியில் மாத்திரை வைத்தோம்.
பழனாத்தாள் இரண்டு நாள் வாந்தியெடுத்தாள்.
மூலைச் சிப்பத்து வண்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

லாரி ஓட்டிப்போன தெய்வசிகாமணியைக் கேட்டேன்.
"உள்ளுக்கு உடலைங்க. என்ற லாரி அகலத்துக்குச் செவுரு.
அதுக்குப் பின்னால கிணறு இருக்குதாமா.
வேலையில்லாதப்ப அந்தக் கோலு
தண்ணிக்குள்ள முங்கிக் கெடக்குமாம்,
நீலமா மினுங்குமாம்.
நம்ம கிணத்துல பாறைதானுங்க மினுங்குது."

ஊறுகாய்ப் புட்டி இரண்டு கழுவினேன்.
சிவப்புப் பொட்டு மூட்டையிலிருந்து பதினொரு வண்டு ஒன்றில்,
அனுப்பாத மூட்டையிலிருந்து பதினொன்று மற்றதில்.
ஆளுக்கொரு பிடி சோளம். வாய்க்கு வேட்டித்துணி.
பேரேட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

முதல் வாரம் வித்தியாசமில்லை.
மோதிரத்தால் புட்டியைத் தட்டிவிட்டு
ஒன்றும் பேசாமல் போவார் அர்த்தநாரி.
பன்னிரண்டாம் நாள் முதல் புட்டியில் மூன்று மல்லாந்தன.
இருபத்திநாலாம் நாள் ஒன்றே ஒன்று,
கண்ணாடியில் ஏறும், பாதியில் வழுக்கும்.
ஞாயிற்றுக்கிழமை கிடங்கு பூட்டியிருந்தது.
திங்கள் வந்தபோது அதுவும் அசையவில்லை.

நாற்பதாம் நாள் இரண்டாம் புட்டியில் மாவு.
எழுபது வரை எண்ணிவிட்டு நிறுத்தினேன்.
அர்த்தநாரி புட்டியைத் தட்டவில்லை.
அடுத்த லோடுக்கு ஃபோன் போட்டார்.

அன்று சாயங்காலம் மூன்றாம் வரிசையில்
எலி கடித்த ஓட்டை ஒன்று பார்த்தேன்.
வந்துபோன கதிர்
மூட்டைக்குள் எதையும் விட்டுவைக்கவில்லை;
நஞ்சுமில்லை, காவலுமில்லை.
சிவப்புப் பொட்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

கோணியூசியும் சணலும் எடுத்து உட்கார்ந்தேன்.
சுவர் வெடிப்பில் ஒரு வண்டு.
அது எங்கும் போய் வரவில்லை.