நடுவில் நாலு விரல்

எங்கள் பஸ்ஸின் முன்கண்ணாடி
ஆறடி மூன்றங்குலம்.
ஜெயசீலன் டேப்பை நீட்டி இரண்டு தரம் அளந்து
உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.
பட்டர்வொர்த் பள்ளிப் பிள்ளைகளைப்
பதினேழு வருஷம் நான் ஏற்றி இறக்கிய வண்டி.
இப்போது அதற்குள் ஒரு மெத்தை, ஓர் அடுப்பு,
மடக்கு மேசை,
குளியலறை என்று மரியாதைக்குச் சொல்லும் ஒரு மூலை.
எல்லாம் பொருந்திவிட்டது,
வெயில் ஒன்றைத் தவிர.

ஜெலுத்தோங் கடையில் ஊய் தவுக்கே
மூன்றை எடுத்துப் போட்டார்.

முதலாவது வெள்ளித் தகடு. விசிறி மடிப்பு.
"நிப்பாட்டி வைக்கும்போது இதான் பெஸ்ட்."
நிப்பாட்டி வைக்கவா பஸ் வாங்கினோம்?

இரண்டாவது கறுப்பு வலை.
இழுத்துப் பார்த்தேன்.
தெருவே கொசுவலைக்குள் போயிற்று,
எதிரே லக்சா விற்பவரும் அவர் சட்டியும்
புள்ளி புள்ளியாய்.
பகலுக்குச் சரி.
தைப்பிங் மழையில், ராத்திரி எட்டு மணிக்கு,
இழுத்தது பாதியில் சிக்கிக்கொண்டால்?
தவுக்கேயிடம் பதில் இல்லை.
விலை இருந்தது.

மூன்றாவது புகைநிறப் பலகை,
ஒரே நீளத் துண்டு,
கண்ணாடியின் மேல்விளிம்பில் திருகி
வேண்டிய மட்டும் இறக்கிக்கொள்ளலாம்.
யாருக்கு வேண்டிய மட்டும்?
அங்கேதான் சண்டை.

நான் நாலடி பதினொன்று.
இரண்டு தலையணை போட்டு உட்கார்ந்தாலும்
ஸ்டியரிங்குக்கு மேல் தெரிவது
பொட்டும் அதற்கு மேலும்.
அவர் ஆறடி.
என் கண்ணுக்கு இறக்கினால்
அவருக்குச் சிக்னல் விளக்கு போகும்.
அவருக்கு ஏற்றினால்
சூரியன் என் மூக்கின்மேல்.
ஒருத்தர் ஓட்ட, ஒருத்தர் பக்கத்தில்.
பலகையோ ஒன்று.

"எனக்கு மேலே எதுவுமே வேணாம்" என்றார்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
இருபத்தெட்டு வருஷம்
காலுக்கடியில் கண்ணாடி,
அதற்கடியில் இரும்புப் பெட்டிகள்,
அதற்கும் கீழே கடல்.
"வெயில் மேலேருந்து வரும்னு யார் சொன்னா?
எனக்குத் தண்ணியிலேருந்துதான் வந்துச்சு."

கடையின் காற்றாடி ஒரு சுற்று சுற்றி வந்தது.
வீட்டில், தலை குனியாமல்
கண்ணை மட்டும் தாழ்த்தி
இமை இடுக்கில் என்னைப் பார்ப்பாரே,
அதை இத்தனை காலம்
கோபம் என்று எண்ணியிருந்தேன்.

"அறுத்துடுங்க தவுக்கே" என்றேன்.
"எதை?"
"பலகையை. ரெண்டாக."
அறுத்தால் திருப்பி எடுக்கமாட்டேன் என்றார்.
சரி என்றேன்.
பின்பார்வைக் கண்ணாடி நிற்க
நடுவில் நாலு விரல் விட்டுவிட்டு
இரண்டு பக்கமும் தனித்தனிக் கீல் வைத்து மாட்டினார்.
ரம்பத்தூள் என் தலையணையில் இன்னும் இருக்கிறது.

அன்று சாயங்காலமே பாலம் ஏறினோம்.
பிறை போகும்வரை வெயில் முதுகில்,
சோதிக்க ஒன்றுமில்லை.
ஆறேமுக்காலுக்குத் திரும்பினோம்.
பினாங்கு மலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில்
அது காத்திருந்தது.
என் பலகையை இறக்கினேன்.
முன்னால் போகும் லோரியின் பின்விளக்கு,
கோடு, மோட்டார் சைக்கிள்காரரின் முதுகு,
எல்லாம் அதனதன் இடத்தில்.
அவர் தன்னுடையதை முழுக்க மேலே தள்ளிவிட்டுக்
கடலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.
பழக்கம்.

நடுவில் விட்ட நாலு விரல் வழியே மட்டும்
ஒரு பட்டை வெயில் உள்ளே.
பாலம் வளைகிற இடத்தில்
அது அவர் முட்டியை விட்டு இறங்கி
இன்ஜின் மூடிமேல் ஊர்ந்து
என் முட்டிக்கு வந்தது.
"அதையும் அடைக்கலாமா?" என்றார்.
நான் பதில் சொல்லவில்லை,
லேன் மாறிக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் ஆகிறது.
நேற்று ஒரு திருகு கழன்று விழுந்தது.
தவுக்கேயிடம் காட்ட ரசீதைத் தேடினேன்.
இன்ஜின் மூடிமேல், அந்தப் பட்டை விழும் இடத்தில்,
முழுக்கக் கறுத்துக் கிடந்தது.
விலையும் தெரியவில்லை, தேதியும் தெரியவில்லை.
அங்கே வைத்தது என் தப்புதான்.