சரக்கின் விவரம்

கணினியில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது.
காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கு விடாது.

வெளியே ஹைட்ராவின் கொக்கியில்
கல் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.
நஞ்சுண்டன் இரண்டாவது முறை வந்து எட்டிப் பார்த்தான்:
"பில் ஆச்சா, ஜபீன் மேடம்?
டோல்கேட்டுல மாங்கா லாரிங்க வரிசை கட்டறதுக்குள்ள போவணும்."

பர்கூர் சாலையில் ஒன்பது வருடமாகப் பில் போடுகிறேன்.
படிக்கட்டு, சமையல் மேடை, கல்லறைப் பலகை,
எல்லாவற்றுக்கும் எண் உண்டு.
எண்ணுக்கொரு வரி.
இதற்குத்தான் இரண்டு எண்கள் முன்னால் நின்றன.
அறுத்த கல்.
சிற்பம்.

என்ன கல் என்று சொல்லிவிடுகிறேன்.
கட்டரில் புது பிளேடு மாட்டினாலோ
பழையதன் பல் மழுங்கினாலோ
திம்மராயன் முதலில் இதில்தான் இழுத்துப் பார்ப்பான்.
ஒரே இழுப்பு.
சத்தத்தைக் கேட்பான்,
வடியும் தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பான்,
நல்ல சரக்குப் பக்கம் போய்விடுவான்.
பதினோரு வருடத்து இழுப்புகள்:
குறுக்கே, சாய்வாக, பாதியில் நின்றுபோய்,
ஒன்றின் வாலை இன்னொன்று மிதித்து,
சில இடங்களில் நெருக்கமாக,
தண்ணீர் வராத அந்தக் கோடைக்காலம் மட்டும்
எதுவுமே இல்லாமல் ஒரு வழவழப்பு.
மேலே டீ கிளாஸ் வைத்த வளையங்கள்.
மூலையில் பெயிண்டால் யாரோ எழுதிய செல் நம்பர்,
ஒரு இலக்கம் குறைவு.

பெல்லியப்பா பெங்களூரிலிருந்து
தரைக்குக் கறுப்புக் கல் பார்க்க வந்தவர்.
கழிவறைக்குப் போகிற வழியில் நின்றார்.
நின்றார் என்றால்,
எதற்குக் கிளம்பினார் என்பதை அவரே மறக்கும் அளவுக்கு.
"கழுவாதீங்க. எதுவும் செய்யாதீங்க.
நிமிர்த்தி மட்டும் வைங்க."
அவர் செய்த வேலை அவ்வளவுதான்.
தான் சொன்ன விலையைக் கேட்டு முதலாளியே பயந்துபோனார்.
பெல்லியப்பா பேரம் பேசவில்லை.

ஆடிட்டருக்குப் போன் போட்டேன்.
"செஞ்சவர் கையெழுத்து கல்லுல இருக்கா?"
ஒரு போன் நம்பர் இருக்கிறது என்றேன்.
சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

செஞ்சவர்.
இழுத்தவன் திம்மராயன்,
அவன் பார்த்தது பிளேடை, கல்லை அல்ல.
கல்லைப் பார்த்தவர் பெல்லியப்பா,
அவர் ஒரு கீறல்கூடப் போடவில்லை.
நான் தினமும் அதன்மேல் டிபன் டப்பா வைத்தவள்.

"திம்மராயா, இது என்ன?"
"பிளேடு பாக்கற கல்லு, மேடம்."
அதற்கு எண் இல்லை.

அறுத்த கல் என்று போட்டு அனுப்பினேன்.
பொய் இல்லையே.
சூளகிரி தாண்டி வண்டியை நிறுத்திய வரி அதிகாரி
தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து
உடனே விட்டுவிட்டாராம்.
பில்லில் இருந்த தொகையைப் படித்தபின்
மறுபடி தூக்கச் சொன்னாராம்.
இரண்டாவது முறை கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்
என்று நஞ்சுண்டன் சொன்னான்.
"உடைஞ்ச கல்லா சார்னு கேட்டேன் மேடம்,
பதிலே சொல்லல."

முதலாளி அன்றைக்கே புதுக் கல் ஒன்றை
அதே இடத்தில் போடச் சொன்னார்.
கூடவே, "நல்லா இழு திம்மராயா,
அழகா இழு" என்றும் சொன்னார்.

அன்று மாலை வரை புதுக் கல் அப்படியே கிடந்தது.
பிளேடு மாட்டினான், கிட்டே போனான்,
கட்டரை அணைத்துவிட்டு வந்தான்.
"சும்மா இழுக்க வரல மேடம் இப்போ.
எங்க வச்சாலும்
எதுக்கு அங்க வச்சேன்னு கேக்குது."

இரண்டு நாள் கழித்து ஒரு வழி கண்டுபிடித்தான்.
ஓரமாக ஒரே ஒரு கோடு.
இனி எந்த பிளேடானாலும் அதே கோட்டுக்குள்தான்.
மேலே கீழே நகர்வதில்லை.
நான்கு மாதமாகிறது.
கோடு உள்ளே உள்ளே போய்
இப்போது என் ஆள்காட்டி விரல் முழுவதும் இறங்குகிறது,
அடியில் எப்போதும் கொஞ்சம் ஈரம்,
மத்தியான வெயிலில் அதற்குள் மட்டும் இருட்டு.

அவனிடம் நான் எதுவும் சொல்லவில்லை.
டிபன் டப்பாவை வேறு இடத்தில் வைக்கிறேன்.