கடைக்கண்

அறுபத்தொன்பது வயதில்
எல்லோரையும் கடைக்கண்ணால் பார்க்கிறேன்:
கோட்-டெ-நேஜ் தெருவில் பேருந்துச் சாரதியை,
மருந்துக்கடைப் பையனை,
முட்டை வாங்க வந்த பாதிரியாரை.
வேறு வழியில்லை.
நேரே பார்த்தால் ஆளுக்குத் தலை இல்லை.
சற்றே முகம் திருப்பினால்
ஒரு காதும் கொஞ்சம் தாடையும் தருவார்கள்.
இந்தப் பார்வையைப் பாடியவர்கள்
விழித்திரையின் நடுப்பகுதி உதிர்வதைப் பற்றி
ஒன்றும் சொல்லிவைக்கவில்லை.

குளிர்பெட்டிக் கதவில் கட்டம் போட்ட தாள்.
மார்ச்சில் கோடுகள் நெளிந்தன.
ஓகஸ்டில் நடுப்புள்ளியைக் காணவில்லை.
தாள்தான் ஈரத்தில் சுருங்கிவிட்டதென்று
பாலேந்திரா புதிதாய் ஒன்று ஒட்டினார்.

சம்மதப் படிவம் இருபத்திரண்டு பக்கம்,
வாசிக்க முடியாதவர்களுக்கு
அவ்வளவு சின்ன எழுத்தில்.
தாதி மிரெய் மூச்சு வாங்கி வாங்கி வாசித்தாள்.
‘இதனால் உங்களுக்குப் பலன் இல்லாமலும் போகலாம்.’
அந்த வரியை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன்.
காப்புறுதி, கலியாணம், அகதி விண்ணப்பம்,
எதிலும் இவ்வளவு நேர்மையாய் எழுதியிருந்ததில்லை.
கையெழுத்துக் கோட்டில்
என் விரலைப் பிடித்து வைத்தாள்.

யாரோ ஒருவரின் முழங்கைத் தோலாம்.
பெயர் சொல்ல மாட்டார்கள்.
தோல் என்பதை மறக்கச் செய்து,
வயதை மறக்கச் செய்து,
இன்னும் ஒன்றுமே ஆகாத நிலைக்குப்
பின்னோக்கி நடத்திக்கொண்டு போய்,
பிறகு, கண்ணாகு என்றார்களாம்.
மெல்ல மெல்லக் கறுத்ததாம்.
தேயிலைத் தூள் சிந்தினாற்போல் இருக்கும் என்றார் டொக்டர்.
வைக்கப்போவது வெந்தயத்தளவு.
அந்த ஆள் உயிரோடு இருக்கிறாரா,
பேருந்தில் என்னோடு இடிபடுகிறாரா என்று கேட்டேன்.
டொக்டர் சிரித்தது கேட்டது.
சிரிப்பைக் காணவில்லை.

இடது கண்ணில் மட்டும்.
வலது, ஒப்பிடுவதற்கு.
வந்ததை உடம்பு துரத்தாமலிருக்க
காலையும் இரவும் குளிகை,
விருந்தாளி வந்த வீட்டில்
நாயைக் கட்டிவைப்பது போல.

ஆறாம் மாதம்
எழுத்துப் பலகையில் ஏழு எழுத்துக் கூட.
ஏழு! மிரெய் கை தட்டினாள்.
அதில் ஒன்று ஊகம். நான் சொல்லவில்லை.

அன்று பின்னேரம்
பாலேந்திரா எனக்கு முன்னால் இருந்து
தேசிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.
வலதைப் பொத்திக்கொண்டு
நேரே பார்த்தேன்.
மூக்குக் கொஞ்சம் கோணல்.
மூக்குக்குக் கீழே ஏதோ வெறுமை.
புதுக் கண்ணின் பிழையாக்கும் என்று
விரலால் தடவினேன்.
மீசை இல்லை.

‘எப்ப எடுத்தனீங்கள்?’
‘போன வருஷம் சித்திரையில.
நீயாய்க் கண்டுபிடிப்பாய் எண்டு இருந்தனான்.
பிறகு சொல்ல ஒரு மாதிரிப் போச்சு.’

பத்தொன்பது மாதம்.
கத்தி தேசிக்காயில் பாதியில் நின்றது.
நான் பழைய பழக்கத்தில்
முகத்தைச் சற்றே திருப்பி
மறுபடி பார்த்தேன்.