தலைநகர் வழி பூவாறு

கொல்லங்கோட்டிலிருந்து பூவாறுக்கு
கடலோரமாய் நடந்தாலே இரண்டு மணி நேரம்.
நீரோடியில் தமிழ்நாடு தீரும்.
பொழியூரில் அதே சாளை, அதே கவிச்சி,
விலை மட்டும் மலையாளத்தில்.
அப்புறம் பொழி.
ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே மிதக்கிற குடில்கள்.

ஆனால் கூப்பனில் போட்டிருந்தது:
பரிசு பெற்றோர் திருவனந்தபுரம் அலுவலகத்துக்கு
காலை பத்து மணிக்குள் நேரில் வந்து
முத்திரை வாங்க வேண்டும்.

மார்த்தாண்டத்தில் பிரிட்ஜ் வாங்கியதற்கு விழுந்த பரிசு.
ஒரு ராத்திரி, இரண்டு பேர், காலைச் சாப்பாடு உட்பட.
குலுக்கலில் கிறிஸ்டல் ஜெயா என்ற என்னை
கிருஷ்ணஜெயா என்று வாசித்தார்கள்.
அதற்கும் கைதட்டினார்கள்.

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்கள்,
நாங்கள் தலைநகரையே சுற்றினோம்.
ஊரம்பு, பாறசாலை, நெய்யாற்றின்கரை,
ஜன்னலோரம் ஜஸ்டஸ்,
பெருநாளுக்கு எடுத்த ஷூ,
பையில் விலைச்சீட்டு கிழிக்காத நீச்சல் டவுசர்.

தம்பானூரில் லாட்டரிக் கடைக்கு மேலே மூன்றாவது மாடி.
"சார் மூணு மணிக்கு வரும்" என்றாள் பெண்.
மழை வரும் என்பதுபோல.
மழைதான் முதலில் வந்தது.

திங்கட்கிழமை. மியூசியம் பூட்டு.
மிருகக்காட்சி சாலையும் பூட்டு,
உள்ளே ஏதோ ஒன்று உறுமியது,
அதுவரைக்கும் இலவசம்.

செக்ரட்டேரியட் வாசலில்
தார்ப்பாய்க்குக் கீழே பெண்கள்.
நாற்பத்தோராம் நாள் என்று ஒரு சிலேட்டு.
ஓரமாய் ஒதுங்கின என்னிடம் ஒருத்தி மலையாளத்தில் என்னமோ கேட்டாள்,
நான் விழித்ததும்
"நம்ம பக்கமா? எனக்கு ஊரு குழித்துறையாக்கும்" என்றாள்.
பெயர் லில்லிபாய். பள்ளிக்கூடத்தில் சோறாக்குகிறவள்.
"ஒரு பத்து நிமிசம் இருக்கியா மக்களே,
ஒண்ணுக்குப் போணும்,
பேப்பர்காரன் வந்து தலை எண்ணுவான்."

இருந்தேன்.
கையில் அவள் அட்டை,
எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து.
பக்கத்தில் இருந்தவள் நகர்ந்து
நனையாத இடத்தைத் தந்தாள்.
பள்ளிக்கூடத்தில்கூட கை தூக்காதவள் நான்.
எல்லோரும் தூக்கினபோது தூக்கினேன்,
அரை வினாடி பிந்தி.
ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஜஸ்டஸ்
இரண்டு பைகளோடு
என்னைத் தெரியாதவர்போல நின்றார்.

பத்து நிமிடம் நாற்பதானது.
திரும்பி வந்தவள்
சாலைக் கடையில் வாங்கின சூடு ஆறாத ஏத்தங்காய் வறுவலைப்
பொட்டலமாய் மடியில் வைத்தாள்.
நன்றி எல்லாம் சொல்லவில்லை. அட்டையை வாங்கிக்கொண்டாள்.

மூன்று மணிக்கு வந்த சார்
நாலரை வரை ஆயுள் சந்தா பற்றிப் பேசினார்.
ஜஸ்டஸ் கையெழுத்து போடவில்லை, வறுவலைத் தின்றார்.
முத்திரை கோணலாய் விழுந்தது.

இருட்டின பிறகு படகு.
குடிலில் கட்டில்மேல்
துவாலையை அன்னமாய் மடித்து வைத்திருந்தார்கள்.
அதைக் கலைக்க மனசில்லாமல்
ஈரத்தலையோடு இருந்தோம்.
தெற்கே ஒரு கோயில் வெளிச்சம்.
"அது நீரோடி மாதா" என்றார் ஜஸ்டஸ்,
"பிரிட்ஜ் சத்தம்கூட இங்க கேக்கும்."

காலையில் இட்டலியோடு பேப்பர் வந்தது.
ஐந்தாம் பக்கம், கடுகளவு நான்,
வாய் திறந்தபடி.
பரிமாறுகிற பையனிடம் காட்டி
அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்றேன்.
படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அன்னத்தைப் பார்த்தான்.
"அரிசி வெந்தது, கூலி வேகவில்லை.
அப்படித்தான் சேச்சி, கிட்டத்தட்ட."
"கொடுத்துட்டானுங்களா?" என்றார் ஜஸ்டஸ்.
அது பேப்பரில் இல்லை.

திரும்பும்போது பஸ் வேண்டாமென்றேன்.
படகுக்காரன் பொழி மணலில் இறக்கிவிட்டான்.
ஜஸ்டஸ் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்தார்,
டவுசர் விலைச்சீட்டு அப்படியே இருந்தது.
பொழியூரில் ஏதோ பள்ளிக்கூடம்,
மதிலுக்குப் பின்னால் பயறு வேகும் வாசனை.
மணி பதினொன்றுகூட ஆகவில்லை.